கத்தரிப்பூக் கோட்டும் ஒரு சாண் துண்டும்

ஏழு கடல் தாண்டி என்று ஆரம்பித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்கே பக்கத்தில்தான் என்று ஆரம்பித்தால் எனக்கு வேலை போய்விடும். ஆகவே நெடுமடை நாடு எங்கோ ஓரிடத்தில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அந்த நாட்டுக்கு ஒரு மன்னர் இருந்தார். மன்னர் என்றாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. மக்கள் வெயிலில் வரிசையாக நின்று, நன்றாக யோசித்து, அதே மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டுக்கு ஓர் ஏரியும் இருந்தது. ஏரி இல்லாவிட்டால் நாடு இல்லை என்பதால் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு துறையும், துறையைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைச்சரும் இருந்தார்கள்.

ஏரிக்கு அடியில், நான்கு ஆள் ஆழத்தில், ஒரு மதகுக் கல் கிடந்தது. அதைத் தூக்கி நகர்த்தினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள வழியாக வாய்க்காலுக்குப் போகும். திரும்ப இறக்கினால் நிற்கும். சங்கிலி கட்டி மேலிருந்தே இழுக்கலாமே என்று தோன்றும். கட்டிப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகள் அறுந்து கல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. ஆள்தான் முங்க வேண்டும். அதற்காக எட்டு மடைக்காரர்கள் வேலையில் இருந்தார்கள்.

எட்டுப் பேரில் கெட்டிக்காரன் மாசாணம். அவன் மூச்சைப் பிடித்து உள்ளே போனால், கரையில் இருப்பவர் வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, துப்பி முடித்த பிறகுதான் தலை வெளியே தெரியும். கையை வைத்துப் பார்த்தே கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். இடுப்பில் ஒரு கோவணம். அவ்வளவுதான் அவனுடைய அலுவலக உடை.

அவனுக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் பூவலிங்கம்.

பூவலிங்கமும் மடைக்காரன்தான். மாசாணத்தின் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, அதே கீழக்கரைத் தெருவில் குடியிருந்தான். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் அவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிக் கரையிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆனால் பார்க்க லட்சணமாக இருப்பான். இடுப்பில் எப்போதும் ஒரு சீப்பு. இருவரும் சேர்ந்து டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் பூவலிங்கத்தைப் பார்த்துத்தான் “வாங்கண்ணே” என்பார். முங்கி எழுந்து கண் சிவந்து நிற்கும் மாசாணத்திடம், “ஒனக்கு?” என்பார். அந்த ஒரு வார்த்தையில் மாசாணத்துக்கு வயிறு எரியும். டீ குடித்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும்.

இப்படி இருக்கையில் பக்கத்து நாட்டுத் தூதுவர் வந்தார். மன்னர் அவரைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டினார். “எங்கள் நாட்டின் நாகரிகம்...” என்று மன்னர் தொடங்கிய நேரத்தில், படகுக்கு ஒரு முழத் தூரத்தில் தண்ணீர் பிளந்து மாசாணத்தின் தலை எழுந்தது. தலையில் பாசி. அவன் மரியாதை தெரிந்தவன். மன்னரைக் கண்டதும் படகின் விளிம்பைப் பிடித்து முழுசாக மேலே எம்பி, இரண்டு கையையும் கூப்பி, “கும்புடுறேன் மகாராசா” என்றான். தூதுவர் விசிறியைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

மறுவாரம் நீர்த்துறை அமைச்சர் மங்களேஸ்வரர் மடைக்காரர்களைக் கரையில் கூட்டினார். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பூரண கும்பம் எல்லாம் வைத்திருந்தார்கள்.

“பணியாளர்களே! ஒருவன் எவ்வாறு உடுத்துகிறானோ அவ்வாறே உழைக்கிறான். இது ஆய்வில் நிறுவப்பட்ட உண்மை. தளர்ந்த உடையில் தளர்ந்த உழைப்பு இருக்கும். உடையே இல்லாத இடத்தில் உழைப்பு எங்கே இருக்கும்?”

“தண்ணிக்குள்ள இருக்கும்” என்றான் மாசாணம், பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அமைச்சர் கைதட்டினார். பெட்டிகள் வந்தன. ஆளுக்கொரு முழங்கால் வரைக்குமான கோட்டு, பதினோரு பொத்தான், கத்தரிப்பூ நிறம். கஞ்சி போட்ட தலைப்பாகை. தோல் செருப்பு. இடது தோளில் போட்டுக்கொள்ள ஐந்து சாண் நீளத்தில் ஒரு சரிகைத் துண்டு. கத்தரிப்பூ மன்னரின் சொந்த நிறம். அதில் ஒரு சங்கடம் இருந்தது. நனைந்தால் சாயம் போகும். ஆகவே உடுப்பை நனைப்பது அரச நிறத்தை அவமதிப்பது. அவமதித்தால் வேலை நீக்கம். பணி நேரத்தில் உடுப்பைக் கழற்றினாலும் அதே தண்டனைதான்.

“ஐயா, அப்ப கல்ல எப்புடித் தூக்குறது?” என்று கேட்டான் மாசாணம்.

“அது நடைமுறை சார்ந்த வினா” என்றார் அமைச்சர். “இப்போது நாம் கொள்கை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.”

மடைக்காரர்கள் புத்திசாலிகள். கண்காணிப்பாளர் தர்மராயர் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். அதற்குமுன் விடிந்தும் விடியாத நேரத்தில் கோவணத்தோடு இறங்கி, கல்லை நகர்த்திவிட்டு, துவட்டிக்கொண்டு, எட்டு மணிக்குப் பதினோரு பொத்தானும் போட்டு வரிசையில் நிற்பது என்று எட்டுப் பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் போனது. பயிர் பச்சையாக இருந்தது. அமைச்சர், உடுப்பு வந்ததிலிருந்து வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது பார்த்தீர்களா என்று மன்னரிடம் சொன்னார். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அது அப்படியே ஓடியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

மூன்றாம் மாதம் தர்மராயர் சிறந்த தோற்றத்துக்கான ஊக்கப் பரிசை அறிவித்தார். யாருடைய உடுப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறதோ அவருடைய துண்டு ஒரு சாண் கூடும். விடியற்காலை முங்கி வந்த ஏழு பேருக்கும் முடியில் ஈரம் நின்றது. கழுத்துப் பட்டியில் சொட்டுச் சொட்டாகக் கறை, கேட்டால் வியர்வை என்றார்கள். கயிறு மட்டும் பிடித்த பூவலிங்கத்தின் தலை பஞ்சுபோல் உலர்ந்திருந்தது. அவன் சீவி, சீப்பை உள்ளே செருகிக்கொண்டு, புன்னகையோடு நின்றான். பரிசு அவனுக்குப் போனது. அவனுடைய துண்டு ஆறு சாண் ஆனது.

அன்று மாசாணம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். சோற்றில் கை வைக்கவில்லை.

“ஒரு சாண் துணிக்கா சாப்புடாம ஒக்காந்திருக்கீங்க?” என்றாள் அவன் மனைவி உலகம்மை.

“துணியில்ல உலகம்மை, மரியாத. முங்குறது நானு. மூக்குல ரத்தம் வர்றது எனக்கு. அவன் கரையில நின்னு தல சீவிட்டு ஆறு சாண் போட்டுட்டுப் போறான்.”

“போட்டுட்டுப் போறான். அது அவன் தோள்ல கெடக்கு. ஒங்க தோளா வலிக்குது?”

“வலிக்குது” என்றான் மாசாணம். அது பொய்யில்லை. ஐந்து சாண் துண்டு கிடந்த இடம் உண்மையாகவே வலித்தது.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பில்லை. தண்ணீருக்குள் கல்லைப் பிடித்திருக்கும்போதுகூட அந்த ஆறாவது சாண் கண்முன் ஆடியது. எனக்கு ஆறு வேண்டும் என்று அவன் ஒருதரம்கூட நினைக்கவில்லை. அதுதான் விசேஷம். பூவலிங்கத்துக்குத் திரும்ப ஐந்து என்று ஆகவேண்டும், அவ்வளவே அவன் ஆசை. கடைசியில் ஒரு தாள் வாங்கி, தர்மராயருக்கு மனு எழுதினான். ‘சிறந்த தோற்றத்துக்குப் பரிசு பெற்ற பூவலிங்கம் என்பவர் தினமும் விடியற்காலையில் கோவணத்துடன் ஏரியில் இறங்கி அரசு உடுப்புக்கு இழுக்குத் தேடுகிறார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கொஞ்சம் யோசித்து, பெயர் போடாமல் அலுவலகக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தான்.

பூவலிங்கம் இறங்குவதே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்ற ஏழு பேரும் இறங்குகிறார்கள், அதில் தானும் ஒருவன் என்பது மனுவை எழுதும்போது எப்படியோ மறந்துபோனது. அப்படியொரு கோபம்.

மனு மேலே போனது. மூன்றாம் நாள் அமைச்சரின் ஆணை கீழே வந்தது. மடைக்காரர்கள் இனி படுக்கையிலிருந்து எழுந்தது முதல் திரும்பப் படுப்பது வரை உடுப்பிலேயே இருக்க வேண்டும். ஏரிக்கரையில் பகலிரவும் காவல். காலையில் தலைமுடி உலர்வுச் சோதனை. தர்மராயர் ஒவ்வொருவர் தலையிலும் மை ஒற்றும் தாளை வைத்து அமுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தாள் நனைந்திருந்தால் அவன் குற்றவாளி. பூவலிங்கத்தின் ஆறாவது சாண் கத்தரிக்கப்பட்டது.

கத்தரிக்கும்போது மாசாணம் முன்வரிசையில் நின்று பார்த்தான். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அன்றிலிருந்துதான் மதகுக் கல்லைத் தொட ஆளில்லாமல் போனது.

வாய்க்கால் காய்ந்தது. கீழக்கரை, மேலக்கரை இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து தண்ணீர் கேட்டு அமைச்சரிடம் போனார்கள். நாற்பது பேர், நல்ல கோபத்தோடு போனார்கள். அமைச்சர் அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

“உங்கள் குறையை அரசு மதிக்கிறது” என்றார். “ஆனால் மனுதாரர்கள் இவ்வாறு கந்தலும் கசங்கலுமாக வந்தால் மனுவுக்கே மதிப்பில்லாமல் போய்விடும். ஆகையால் இன்றுமுதல் மனுதாரர்களுக்கும் துண்டு வழங்கப்படும். வரிசையில் ஒழுங்காக நின்ற மேலக்கரையாருக்கு நான்கு சாண். சற்றே சத்தம் போட்ட கீழக்கரையாருக்கு மூன்றரை.”

நாற்பது பேரும் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் அரைச் சாணைப் பற்றித்தான் பேச்சு. பாலத்தடியில் கைகலப்பும் ஆனது. அவர்கள் எதற்காகப் போனார்கள் என்று உலகம்மை கேட்டபோது, ஒருவருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அரண்மனையிலோ ஒரே மகிழ்ச்சி. அமைச்சர் பணித்திறன் அறிக்கையை வாசித்தார். “உடுப்பு ஆணைக்கு முன்னர் நாளொன்றுக்கு நனைந்த பணியாளர்கள் ஏழு பேர், இப்போது எவரும் இல்லை. சளி, இருமல், காதுவலி காரணமாக எடுக்கப்பட்ட விடுப்பு அறவே இல்லை. அறுந்த கயிறு இல்லை. கல்லின் தேய்மானமும் இல்லை. ஆகவே மடைக்காரர்களின் பணித்திறன் நானூறு விழுக்காடு உயர்ந்துள்ளது.”

“தண்ணீர்?” என்று மன்னர் பேச்சுவாக்கில் கேட்டார்.

“அது முழுவதும் ஏரியிலேயே பத்திரமாக உள்ளது, மாட்சிமை தாங்கியவரே.”

அப்படியும் மனசாட்சி உள்ள ஓர் அதிகாரி, கரையில் நின்றபடியே மூங்கில் கழியால் கல்லை நெம்பலாம் என்று யோசனை சொன்னார். நாட்டிலேயே நீளமான மூங்கிலைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். கரையிலிருந்து சாய்த்துப் பிடித்ததில் பாதி ஆழம்கூட எட்டவில்லை. அமைச்சர் உடனே நடவடிக்கை எடுத்தார். ஏரியின் ஆழம் இனி இரண்டு ஆள் மட்டுமே என்று அரசிதழில் வெளியானது. மூங்கில் அதற்குப் பிறகும் எட்டவில்லை என்பது மூங்கிலின் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது.

இத்தனை கோட்டையும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்க்க ஓர் இடம் வேண்டுமல்லவா? ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கென்று கரையின் ஓரத்தில் ஒரு கலுங்கு இருந்தது. மழையில்லாத காலத்தில் அது சும்மாத்தான் கிடந்தது. அதை அடைத்து, மேலே தேய்ப்பு மாளிகையைக் கட்டினார்கள். மன்னரே வந்து முதல் கோட்டைத் தேய்த்து வைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பன்னிரண்டு நாள் ஆகியும் விடவில்லை. ஏரிக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெளியே போக வழியில்லை. கலுங்கின் மேல் மாளிகை. மதகின் மேல் கல். கரைக்கு அடியில் கீழக்கரைத் தெரு. பதிமூன்றாம் நாள் காலையில் மாசாணத்தின் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஈரம் ஊறி, சுவரோரமாகத் தெளிந்த தண்ணீர் கசிந்தது. உலகம்மை அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஏரித் தண்ணீர்.

அதே காலையில்தான் இன்னொன்றும் நடந்தது. தலைமை மடைக்காரர் பதவி புதிதாக உருவாக்கப்படுகிறது, அவருக்கு ஏழு சாண் துண்டு, அன்று மாலை அமைச்சர் நேரில் வந்து அறிவிப்பார் என்று தர்மராயர் சொல்லிவிட்டார். பட்டியலில் இரண்டே பெயர்கள், மாசாணம், பூவலிங்கம். மாலைவரை உடுப்பில் ஒரு துளி ஈரம்கூடப் படாதவருக்குத்தான் பதவி.

நடுப்பகலில் எட்டு மடைக்காரர்களும் பெரிய தாழங்குடைகளுக்குக் கீழே கரையில் நின்றிருந்தார்கள். தண்ணீர் கரையின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. உலகம்மை தெருவையெல்லாம் தட்டி எழுப்பி, கிழவர்களையும் பிள்ளைகளையும் கோயில் பாறைக்கு ஏற்றிவிட்டு, நனைந்த சேலையோடு கரைமேல் ஓடி வந்தாள்.

“ஏ மனுசா! கொல்லச் சொவரு ஊறிப்போச்சு. இன்னும் ஒரு நாழி தாங்காது. எறங்கிக் கல்லத் தூக்குய்யா!”

மாசாணம் தண்ணீரைப் பார்த்தான். இந்தக் கலங்கலில் மற்ற ஆறு பேருக்கும் கல் அகப்படாது, அவனால் முடியும். கண்ணை மூடிக்கொண்டே கல்லைக் கண்டுபிடிப்பான். ஒரே முங்கு. பிறகு பூவலிங்கத்தைப் பார்த்தான்.

“அவன எறங்கச் சொல்லு” என்றான்.

“அவனுக்கு ரெண்டாள் ஆழம் போகத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்!”

“தெரியாதவனுக்கு எதுக்கு ஏழு சாணு?”

பூவலிங்கம் குடையைக் கொஞ்சம் சாய்த்து, தேனொழுகப் பேசினான். “மதினி சொல்றது ஞாயந்தாண்ணே. என் வீடும் அதே தெருவுலதான இருக்கு? நம்ம எட்டுப் பேருல மூச்சுக்காரரு நீங்கதான். நீங்க எறங்குங்க. நான் கயிறு புடிக்கேன்.”

“நான் எறங்குவேன், நீ கரையில நின்னு ஏழு சாண வாங்கிக்குவ. அப்படித்தான?”

“ஐயோ, நான் அப்படிப்பட்டவனாண்ணே?”

“போறது ஒங்க வீடுய்யா!” என்று கத்தினாள் உலகம்மை. “நம்ம வீடு! நீங்க கட்டுன வீடு!”

அந்தக் குரலில் மாசாணத்தின் மனசு அசைந்தது. அசையவில்லை என்று சொன்னால் அவனுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். அவன் கை தானாக மேலே போய் முதல் பொத்தானைக் கழற்றியது. இரண்டாவதைக் கழற்றியது. மூன்றாவதில் விரல் வைத்தபோது பூவலிங்கத்தின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டான். பார்த்திருக்கக் கூடாது. பூவலிங்கத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கடைக்காரர் ‘வாங்கண்ணே’ என்று கூப்பிடும்போது வருமே, அதே வெளிச்சம்.

மாசாணம் இரண்டாவது பொத்தானைத் திரும்பப் போட்டான். முதலாவதையும் போட்டான்.

உலகம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாறைக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. முதலில் ஒரு மண்கட்டி சரிந்தது. பிறகு ஒரு வண்டி போகும் அகலம். பிறகு பார்க்கவே முடியவில்லை. கீழக்கரைத் தெருவில் மாசாணத்தின் வீடும், இரண்டு வீடு தள்ளிப் பூவலிங்கத்தின் வீடும் ஒரே மூச்சில் போயின. ஆடுமாடு போயிற்று. ஆள் தப்பியது உலகம்மையால்தான். கரையின் உடையாத பகுதியில் எட்டு மடைக்காரர்களும் குடைக்குக் கீழே துளி ஈரமில்லாமல் நின்றிருந்தார்கள். தன் வீட்டுக் கூரை மிதந்து போவதை மாசாணம் பார்த்தான். அழுதான். அழும்போதே பூவலிங்கத்தின் வீட்டுக் கூரையையும் தேடினான். அது முன்னாலேயே போய்விட்டிருந்தது. அந்த அழுகைக்கு நடுவே ஒரு சின்ன ஆறுதல் வந்ததை அவனால் மறுக்க முடியவில்லை.

அமைச்சர் சொன்னபடி மாலையில் வந்தார். இரண்டு பேருமே நனையவில்லை என்பதால் தேர்வுக்குழு திணறியது. ஆகவே இருவருக்கும் பொதுவான ஒருவரை, அமைச்சரின் மச்சினரை, தலைமை மடைக்காரராக அறிவித்தார்கள். அவர் ஏரியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். உடைந்த ஏரிதான் ஏரி என்று நினைத்துக்கொண்டார்.

கேட்பதற்கு விநோதமாக இருக்கும். அந்த மச்சினரின் ஏழு சாணைப் பார்த்து மாசாணத்துக்குப் பொறாமை வரவே இல்லை. பூவலிங்கத்துக்கும் வரவில்லை. அவர் வந்தால் எழுந்து நின்றார்கள், போனால் உட்கார்ந்தார்கள். ‘பெரிய எடத்து மனுசன், இருக்கத்தான செய்யும்’ என்று பேசிக்கொண்டார்கள். வயிறு எரிவதற்கு இரண்டு வீடு தள்ளி ஒருவன் வேண்டும். அரண்மனை அவ்வளவு பக்கத்தில் இல்லை. நெடுமடை நாட்டு மன்னர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மக்களுக்குத்தான் யாரும் சொன்னதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஏரி வெறும் மைதானமானது. அதில் மதகுக் கல் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது, பக்கத்தில் அறுந்த மூன்று சங்கிலிகள். இப்போது முங்க வேண்டியதில்லை. தினமும் காலையில் எட்டு மடைக்காரர்களும் பதினோரு பொத்தானும் போட்டு, செருப்புக்காலோடு அணிவகுத்து நடந்து போய், பேண்டு வாத்தியம் முழங்க, கல்லைத் தூக்கி நகர்த்தினார்கள். மாலையில் திரும்ப வைத்தார்கள். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஒரு துளி சாயம் போகவில்லை. பணித்திறன் ஆயிரம் விழுக்காட்டைத் தொட்டது. அயல்நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

உலகம்மை பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில் பெண்களோடு தனியாகப் படுத்துக்கொண்டாள். மாசாணத்துக்குச் சாப்பாடு மட்டும் கொடுத்தனுப்புவாள்.

தை பிறந்ததும் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் ஒரு கொத்தனார். அவர் முகாமுக்கு வந்து, “கரையக் கட்டுவோம். மாளிகைய இடிச்சுக் கலுங்கத் தொறப்போம். மடைக்காரங்க கோவணத்தோடவே எறங்கட்டும்” என்று மூன்றே வாக்கியம் பேசினார். உலகம்மை கைதட்டினாள். அவர் போட்டிருந்த சட்டை கசங்கியிருந்ததாக மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மன்னரின் ஆள் வந்தார். கூட்டம் போடவில்லை, பேசவில்லை. மாசாணத்தை மட்டும் தனியாக ஒரு வகுப்பறைக்குக் கூப்பிட்டு, காதோடு சொன்னார். “மாட்சிமை தாங்கியவர் தங்களை மறக்கவில்லை. மீண்டும் அவரே வந்தால், பூவலிங்கத்தின் துண்டில் ஒரு சாண் குறைக்கப்படும். எழுதியே தருகிறோம்.”

“நெசமாவா?”

“அரச முத்திரை பாருங்கள்.”

மாசாணம் அந்தத் தாளை மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டான். ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் நிற்கும்போது உலகம்மை பெண்கள் வரிசையிலிருந்து அவனைப் பார்த்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அவனோடு முதல்முறையாகப் பேசினாள்.

“வீட்ட நெனச்சுக் குத்துங்க” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். உள்ளே போனான். கொத்தனாரின் சின்னம் கரண்டி. மன்னரின் சின்னம் கத்தரிக்கோல். கொஞ்ச நேரம் வீட்டை நினைக்கத்தான் பார்த்தான். கொல்லைச் சுவர் ஞாபகம் வந்தது. உலகம்மை அதில் சுண்ணாம்பு அடித்தது ஞாபகம் வந்தது. வாய்க்கால் தண்ணீர் பாத்திக்குள் நுழையும் சத்தம்கூட வந்தது. அதற்கெல்லாம் நடுவே ஐந்து சாண் ஒன்று குறைந்து, நான்கு சாண் துண்டோடு பூவலிங்கம் டீக்கடைக்கு நடந்து போனான். மாசாணம் கத்தரிக்கோலில் குத்தினான்.

மன்னர் வென்றார். எப்போதும் இல்லாத அளவுக்கு வென்றார். வாக்குறுதியையும் ஒருவாரத்தில் நிறைவேற்றினார். அவருடைய ஆட்சியில் முழுசாக நிறைவேறிய ஒரே வாக்குறுதி அதுதான். தர்மராயர் கத்தரியோடு வந்து பூவலிங்கத்தின் துண்டில் ஒரு சாண் வெட்டினார். மாசாணம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அப்படியே திரும்பி மாசாணத்தின் துண்டிலும் ஒரு சாண் வெட்டினார். பிறகு அடுத்தவனுடையதை. மேலக்கரை, கீழக்கரை என்று தெருத்தெருவாகப் போய், ஒரு வீடு விடாமல் வெட்டினார். எல்லாருடைய மடியிலும் அடுத்தவன் பெயர் போட்ட ஒரு தாள் இருந்தது.

தன் துண்டின் நுனி தரையில் விழுந்ததை மாசாணம் கவனிக்கவே இல்லை. அவன் இன்னும் பூவலிங்கத்தின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மன்னருக்கு நன்றி சொல்ல அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது. வரிசை அரண்மனையில் தொடங்கி, கடைத்தெரு வழியாக, உடைந்த கரை வரைக்கும் நின்றது. ஆளுக்கொரு மாலை. உள்ளூரில் பூச்செடிக்குத் தண்ணீர் இல்லாததால் பக்கத்து நாட்டிலிருந்து வண்டியில் பூ வந்திருந்தது. மாசாணம் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றான். அப்போதுதான் தனக்கு முன்னால், இரண்டு ஆள் தள்ளி நிற்பது யார் என்று பார்த்தான். பூவலிங்கம். அவன் கையில் ரோஜா மாலை, முழங்கால் வரைக்கும் தொங்கியது. மாசாணத்தின் கையில் இருந்தது சாமந்தி, இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது.

அவன் பின்னால் நின்றவரின் தோளைத் தொட்டான்.

“ஐயா, கொஞ்சம் எடத்தப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, பூக்கடையைப் பார்த்து ஓடினான்.